வகுப்பு காலியாக இருக்கக் கூடாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை, மேடைப் பேச்சாகப் பிறந்திருக்க வேண்டியது. என் அக்கா ஒரு கல்லூரியின் முதல்வர். ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, கல்லூரி இனி எப்படி இருக்கும் என்ற தன் தொலைநோக்கை அவள் பேசியாக வேண்டும். "நீதான் எழுதுறவனாச்சே, ரெண்டு பக்கம் எழுதிக் கொடேன்டா" என்றாள் போனில். வீட்டில் ஒருவன் எழுத்தாளன் ஆகிவிட்டால் வாழ்த்து மடல் முதல் இரங்கல் செய்தி வரை அவன் தலையில்தான் விடியும். சரி என்றேன்.

"ஆட்குறைப்புங்கிற வார்த்தை வரக் கூடாது."

"வேற எப்படிச் சொல்றது?"

"மறுசீரமைப்பு."

"அதுல எத்தனை பேர் போறாங்க அக்கா?"

பாத்திரம் கழுவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். "ஆறு பேர்" என்றாள். "அதுல பூகோளமும்."

அந்தப் பேச்சை நான் எழுதி முடிக்கவில்லை. தொடங்கினேன், அதை மறைப்பானேன்.

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, நாம் இன்று ஒரு திருப்புமுனையில் நின்று—
(நிற்பவர்களில் ஆறு பேரை இறக்கிவிடப் போகிறோம் என்று அடுத்த வரி தானாக வந்தது. அடித்தேன்.)

நம் கல்லூரி ஒரு குடும்பம். குடும்பம் என்றால்—
(குடும்பத்தில் யாரையும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. இதையும் அடித்தேன்.)

அடித்தது போக மிஞ்சியதுதான் நீங்கள் படிப்பது. இனி அவளை முதல்வர் என்றே எழுதுகிறேன். அக்கா என்று எழுதினால் அவள் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

2

பூகோளம் என்பது பட்டப்பெயர். புவியியல் துறையின் மூத்த ஆசிரியை. முதல்வரும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது முதல்வர் கணித விரிவுரையாளர். இன்றும் பிறர் முன்னிலையில் 'மேடம்', அறைக் கதவு சாத்தியிருந்தால் 'டீ'.

முதல் பிரதியில் பூகோளத்துக்குப் படுத்த படுக்கையாக ஒரு கணவரை வைத்திருந்தேன். வாசகர் மனம் இளகட்டும் என்றுதான். மறுநாள் படித்தபோது எனக்கே கேவலமாக இருந்தது. வேலை போவது போதாதா, வீட்டில் ஒருவர் இருமிக்கொண்டும் இருக்க வேண்டுமா? கணவரை எழுப்பி உட்கார வைத்தேன். அப்புறம் அவருக்குக் கதையில் வேலையில்லை என்று அனுப்பிவிட்டேன். (இங்கேயும் ஆட்குறைப்பு.)

உண்மையான பூகோளம் தனியாக வாழ்பவர். சிடுமூஞ்சி. தேநீர் ஆறியிருந்தால் கொண்டுவந்தவரை ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பயந்தே உணவக ஊழியர் முதல் கோப்பையை அவரிடம் நீட்டுவார். வரைபடச் சுருள்களைத் தவிர வேறு எதையும் அவர் மென்மையாகத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவரை நல்லவர் என்று உங்களை நம்ப வைக்க வேண்டிய பாடு என்னுடையது.

3

அந்தக் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. 'நிற்பது' என்று பெயர்.

முதல்வரின் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தை கிடக்க, வெளியே நாற்காலியில் இவர் கிடந்தார். விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. வேலை போனது போனதுதான் என்று முடிவுகட்டி, ஒரு நாள் கல்லூரிக்கு வந்து பார்த்தால் அவருடைய வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. கரும்பலகையில் பூமி உருண்டை. அதை எத்தனை பாகை தள்ளி வெட்டினால் எத்தனை மணி நேர வித்தியாசம் என்று பூகோளம் மாணவர்களைப் போட்டு வாட்டிக்கொண்டிருக்கிறார். பூகோளம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அப்போதைய முதல்வருக்கும் விஷயம் தெரியாது. சத்தம் போடுகிற வகுப்புதான் நிர்வாகத்தின் காதில் விழும். அந்த வகுப்பு சத்தமே போடவில்லை.

"எதுக்குடீ இதெல்லாம்?" என்று கேட்டார் இவர்.

"வகுப்பு காலியா இருந்தா எனக்குப் பிடிக்காது. போ, போய் பிள்ளையைப் பாரு."

பின்னாளில் தான் முதல்வரானபோது இவர் சுற்றறிக்கை எதுவும் அனுப்பவில்லை. யாராவது வராத நாளில் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "யார் நிக்கறீங்க?" என்பார். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவர் கேட்காமலே நிற்க ஆரம்பித்தார்கள். இயற்பியல்காரர் புள்ளியியல் வகுப்பில் நின்றார். வணிகவியல்காரர் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தே ஒரு வாரத்தை ஓட்டினார். நூலகர் வேதியியல் வகுப்பில் விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையைப் படித்துக் காட்ட, பையன்கள் மணி அடித்தும் எழவில்லையாம்.*

* 'பையன்கள் எழவில்லை' என்பதை நம்பாதீர்கள். அக்கா சொன்னதுதான். பெருமைப்படுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

4

இந்தப் பகுதியை எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது. நிர்வாகக் குழு துறைகளை இணைத்துச் செலவைச் சுருக்க நினைத்தது. முதல்வர் அவர்கள் முன் போனது ஆட்களைக் காப்பாற்றத்தான், இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஆசிரியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தால் எவருக்கும் கைவைக்க மனம் வராது என்று அவர் நம்பினார். அதனால் நிற்பதைப் பற்றிச் சொன்னார். நூலகரைச் சொன்னார், சதுரங்கத்தைச் சொன்னார், பெயர் சொல்லாமல் தன் குழந்தையையும் சொன்னார். தலைவர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தலைவருக்குப் பக்கத்தில் ஆலோசகர் என்று ஒருவர். அவர் மட்டும் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்து கேட்டார்: "ரொம்ப நல்ல விஷயம் மேடம். அப்போ ஒருத்தர் இல்லைன்னாலும் வகுப்பு நடந்துடும்?"

"நிச்சயமா நடக்கும் சார்" என்றார் முதல்வர்.

பூரிப்போடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாகனம் நிறுத்துமிடம் வரை வந்து, கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, சாவியைத் திருகப் போன கை அப்படியே நின்றது. தான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறு வாரம் புவியியல், வரலாறு, பொருளியல் மூன்றும் ஒரே துறை ஆயின. 'ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை மற்றவர் எடுக்கும் சிறந்த பழக்கம் ஏற்கெனவே இருப்பதால்' கல்லூரி முழுவதிலும் ஆறு இடங்கள் தேவையில்லை என்று முடிவாயிற்று.

5

கூட்டம். பெரிய அரங்கு, முன்வரிசை காலி. ஆசிரியர்கள் என்றுமே முன்வரிசையில் உட்கார மாட்டார்கள், மாணவர்களிடம் கற்றுக்கொண்டது. ஒலிபெருக்கி இரைந்தது. 'தொலைநோக்குன்னா தொலைஞ்சு போறவங்களை நோக்கறது' என்று வணிகவியல்காரர் முணுமுணுத்தார். மட்டமான ஜோக்தான், ஆனால் அன்று அவர்களிடம் வேறு ஜோக் இல்லை.

முதல்வர் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் கைவிட்டதால் வேறு வழி? துறைகளுக்கு இடையே சுவர் இருக்காது என்றார். ஒருவர் சுமையை எல்லோரும் சுமப்போம் என்றார். யாரும் கைவிடப்பட—

இது நான் அடித்த வாக்கியம் இல்லை. அவரே நிறுத்தியது.

தாளை மடித்தார். ஒலிவாங்கியை விட்டுத் தள்ளி நின்று பேசினார். "நாம ஒருத்தருக்கொருத்தர் நிக்கறோமே, அதை நான்தான் அங்க போய்ப் பெருமையாச் சொன்னேன். அதை வெச்சுத்தான் கணக்குப் போட்டிருக்காங்க. ஒருத்தர் இல்லைன்னாலும் நடக்குமான்னு கேட்டாங்க. நடக்கும்னு சொன்னேன். கெட்ட எண்ணத்துல சொல்லலை. ஆனா சொன்னது நான்தான்."

நூலகர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் போகிறவர்களில் ஒருவர். வெளியே அடுத்த வகுப்புக்கான மணி அடித்தது.

பூகோளம் எழுந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல்வர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வருவது எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"மேடம், வேதியியல் சார் இன்னைக்கு வரலை" என்றார் பூகோளம். "ரெண்டாம் வருஷப் பசங்க காலியா உக்காந்திருப்பாங்க. நான் நிக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசி வரிசையிலிருந்து கதவு வரை அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

6

இதற்கு மேல் என்ன? சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: ஆசிரியர்கள் எல்லோரும் நிற்பதை நிறுத்துகிறார்கள். வகுப்புகள் காலியாகின்றன, கூச்சல் கேட்டு நிர்வாகம் இறங்கி வருகிறது. (படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலி வகுப்பைக் கண்டால் அவர்களுக்குக் கால் தானாகப் போகும். மூன்றாம் நாளே தோற்றிருப்பார்கள்.)

முடிவு இரண்டு: முதல்வர் ராஜினாமா செய்கிறார். (செய்தாள். வேறு ஆளைப் போட்டு அதே ஆறு பேரை அனுப்புவோம் என்றார்கள். திரும்ப வாங்கிக்கொண்டாள். கோழைத்தனமா, பொறுப்பா? எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.)

முடிவு மூன்று: பூகோளம் மன்னித்துவிடுகிறார். இருவரும் கட்டிப்பிடித்து—
(சீ.)

போன வாரம் பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். படித்திருந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"எல்லாம் சரியாத்தான்டா எழுதியிருக்கே. ஒண்ணே ஒண்ணு மாத்து."

"என்ன?"

"அவளை என்னைத் திட்ட வை."

என் கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"அவ போற அன்னிக்குக்கூட வரைபட அறை சாவியை என் கையில வெச்சுட்டு, 'ரெண்டாவது அலமாரி கொஞ்சம் இழுக்கும், தூக்கித் திறக்கணும்'னு சொல்லிட்டுப் போனா. அவ்வளவுதான்டா பேசினா. நானும் அலமாரியைப் பத்தியே கேட்டுட்டு இருந்தேன்." தட்டைத் தள்ளி வைத்தாள். "ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் தூங்கியிருப்பேன். கதையிலயாவது திட்டட்டுமே."

7

எழுதிப் பார்க்கிறேன்.

கூட்டம் முடிந்த சாயங்காலம். முதல்வர் அறை. பூகோளம் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறார்.

"ஏன்டீ, உன் பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நான்—"
(இல்லை. செய்ததைச் சொல்லிக்காட்டுகிறவர் இல்லை அவர்.)

"இத்தனை வருஷ சர்வீசுக்கு—"
(இது சங்கக் கூட்டத்துப் பேச்சு. சினேகிதி பேசுவது இல்லை.)

"உனக்குக் கொஞ்சமாவது—"
(கொஞ்சமாவது என்ன? மூளையா, மனசாட்சியா? அவளுக்கு இரண்டும் இருந்தன. இருந்தும்தான் நடந்தது.)

எனக்கு வரவில்லை. நான் எந்த வேலையிலிருந்தும் அப்படி அனுப்பப்பட்டதில்லை. யாருடைய இடத்திலும் போய் நின்றதும் இல்லை. இரண்டும் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வரும்.

உங்களில் யாராவது அப்படிப்பட்ட அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். நல்லெண்ணத்தோடு ஒருவர் உங்களை விட்டுக்கொடுத்திருப்பார். சாவியைக் கொடுத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இந்த இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்:

.................................................................

.................................................................

அவள் என் அக்கா. பார்த்துத் திட்டுங்கள் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்கவில்லை.