கண்ணில் குறையில்லை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று, ஊரான மடவளையின் சந்தியில் ரிப்காவின் பெயரைப் பதாகையில் எழுதிக் கட்டினார்கள். மழை நனைத்துக் கிழிக்கும்வரை அது அங்கேயே தொங்கியது.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே மூன்று பாடங்களில் தவறினாள். தமிழில் படித்தவளுக்கு ஆங்கில விரிவுரை பிடிபடவில்லை. அதை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டாம் வருடத்தில் தூக்கம் போனது, பிறகு பசியும் போனது. காலையில் பஸ்ஸேறி விரிவுரை மண்டபத்து வாசல்வரை போவாள். உள்ளே நுழையக் கால் வராது. நூலகத்து மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வீடு திரும்புவாள்.

கூடப் படித்த கிருஷாந்திதான் அவளை அங்கே கண்டுபிடித்தாள். பிலிமத்தலாவையில் கடை வைத்திருப்பவரின் மகள்.

"இப்பிடியே இருந்தா சரிப்படாது ரிப்கா. மனசுக் கஷ்டத்தக் கேக்கத்தானே கெம்பஸ்ல உளவளத்துணை மிஸ் இருக்காங்க, போய்ப் பார்ப்போம். நானும் வர்றேன்."

அந்த அம்மையார் அன்பானவர்தான். ஆனால் தமிழ் தெரியாது. பஸ்ஸிலும் கடையிலும் பேசும் சிங்களத்தை வைத்துக்கொண்டு ரிப்காவால் இதைச் சொல்ல முடியவில்லை. இரகசியம் காக்க வேண்டும் என்று கிருஷாந்தியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்தார் அம்மையார்.

"பயப்படாம சொல்லுங்க தங்கச்சி. நான் அப்பிடியே சிங்களத்துல சொல்றன்" என்றபடி கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார் வந்தவர். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க மஹ்ரூப் நானாட மகள்தானே? நான் அரூஸ். வாப்பாவ எனக்கு நல்லாத் தெரியும்."

இனி எதைச் சொன்னாலும் அது வாப்பாவின் காதுக்குப் போய்விடும்.

"தலவலி" என்றாள். "வேற ஒண்டுமில்ல."

அம்மையார் நம்பவில்லை. மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அரூஸ் அதைப் பொறுமையாகத் தமிழில் சொன்னார். ரிப்காவும் ஒவ்வொரு முறையும் தலைவலி என்றாள்.

வெளியே வந்ததும் கிருஷாந்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

ஆமென்று ரிப்கா தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த மஹ்ரூப் மகளைக் கூப்பிட்டார். "தலவலியாமே, அரூஸ் சொன்னான். எங்களுக்கிட்டச் சொல்லாம என்னத்துக்கு மறச்ச? புள்ள ராப்பகலாப் படிச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

மறுநாள் தன் கடையைப் பூட்டிவிட்டு அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போனார். கண் பரிசோதித்தவர், பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" பதாகை கட்டிய நாளுக்குப் பிறகு மஹ்ரூப்பின் முகம் அப்படி மலர்ந்ததை அவள் பார்த்ததில்லை. திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்தார். வாங்கி வந்த சூடான ரோல்ஸை அவள் கையில் வைத்தார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. இனிச் சொல்லாவிட்டால் எப்போதுமே முடியாது என்று தோன்றியது.

"வாப்பா, எனக்கு இனிப் படிக்க ஏலாது."

அவர் சிரித்தார். "ஏலும் மகள், ஏலும். கண்ணுல ஒண்டுமில்லயாம், நீயும் கேட்டதானே? இனி என்ன கவல?"

முன் இருக்கையில் இருந்த ஊர்க்காரர் திரும்பிப் பார்த்தார். மகள் இஞ்சினியருக்குப் படிப்பதை மஹ்ரூப் அவரிடம் சொல்லத் தொடங்கினார். வீடு வந்து சேரும்வரை சொன்னார்.

திங்கட்கிழமை ரிப்கா வழக்கம்போல் புறப்பட்டாள். கண்டியில் இறங்கினாள். பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், அது போனது. அடுத்ததும் போனது. கிருஷாந்தியிடமிருந்து அழைப்பு வந்தபோது தொலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். நூலகம்வரை போகும் தெம்புகூட அன்று அவளிடம் இருக்கவில்லை.