வெள்ளிக்கிழமை ஆமை

1.

இந்தக் கதை ஒரு பந்தியில் கிடைத்தது. ஆமை மீனா, இறைச்சியா என்று எனக்கு இருபுறமும் இருந்த பெரியவர்கள் சண்டை போட, நடுவில் என் இலையில் சோறு ஆறிப்போனது. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். கருணையை எதிர்பார்க்காதீர்கள்.

முதல் வாக்கியம்: '1931இல், தேங்காய்ப்பட்டினம் பொழியருகே, தென்னைகள் காற்றில்...'

வேண்டாம். தென்னை இல்லாமலும் இந்த ஊரில் கதை நடக்கும்.

2.

கிளீட்டஸ், புதுக்கடைச் சந்தைக்குக் கருவாடு அனுப்பும் வியாபாரி. பொழியில், அதாவது ஆறு கடலில் சேரும் இடத்தில், வலையில் சிக்கிய ஆமையொன்றை வாங்கி முற்றத்துக் குளத்தில் விட்டிருந்தார். பொழித் தண்ணீர் பாதி உப்பு. குளத்திலோ கிணற்றுத் தண்ணீர். ஆமை சோர்ந்து, தோல் வெளுத்தது. அவர் மனைவி செசிலி தினமும் பொழித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்ற, தேறியது.

(ஆமைக்குச் செசிலியைப் பிடித்திருந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். அதற்குப் பிடித்தது குடத்தை. செசிலிக்குத்தான் அதன்மேல் கொள்ளை ஆசை. அவள் வரும் சத்தத்துக்குத் தலை தூக்கிப் பார்க்க அந்த வீட்டில் வேறு யாருமில்லை.)

3.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தபசுகாலம் வந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது; மீன் ஆகும். கிளீட்டஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்: மாதாகோயில் சாமியாரை விருந்துக்கு அழைத்து, ஆமை மீன்தான் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுத் தின்பது.

"வெள்ளிக்கிழம அறுக்கணும், கேட்டியா? சாவப்போறதுக்கு என்னத்துக்குட்டி பொழிவெள்ளம்? இனி சுமக்கண்டாம்," என்றார் செசிலியிடம். (இந்த ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்.)

"மீனுன்னு சாமி சொல்லலேன்னா?"

"ஈஸ்டருக்கு எறச்சி."

"ஆமைக்கு ரெண்டும் ஒண்ணுதானே!"

கிளீட்டஸ் செருப்பைத் தேடினார்.

4.

வெள்ளிக்கிழமை சாமியார் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: "வெள்ளத்துல கெடக்கது மீனு. கரையில நடக்கது எறச்சி. இதுல என்ன சந்தேகம்?"

(வாத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் மீனாகியிருக்கும். சாமியாருக்கு நல்ல பசி.)

கிளீட்டஸ் கத்தி எடுக்க உள்ளே போனார். சில நாளாக உப்பே காணாத குளம் வெறுத்துப்போய், ஆமை கரையேறியது. முற்றத்தைக் கடந்து, சாமியாரின் அங்கியை உரசிக்கொண்டு நடந்தது.

"நடக்குது சாமி," என்றாள் செசிலி.

சாமியார் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு துக்கத்தோடு, "எறச்சிதான்," என்றார். அன்று எல்லோரும் கருவாடு தின்றார்கள்.

(செசிலி தந்திரமாகத் தண்ணீரை நிறுத்தினாள் என்பது என் பழைய பிரதி. கிழித்துவிட்டேன். நிறுத்தச் சொன்னது கிளீட்டஸ். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்க மாட்டேன்.)

5.

"ஈஸ்டருக்குள்ள நல்லா கொழுக்கட்டும், வெள்ளம் எடுத்து ஊத்து," என்றார் கிளீட்டஸ்.

முடிவு ஒன்று: ஈஸ்டர் காலையில் கிளீட்டஸ் கத்தியைத் தீட்டி...

எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: கிளீட்டஸ் மனம் திருந்தி...

சிரிக்காதீர்கள்.

முடிவு மூன்று: ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை. வாசலில் கிளீட்டஸ் பல் துலக்கிக்கொண்டிருந்தார். தினமும் வெறுங்குடத்தோடு நேராகப் பொழிக்குப் போகும் செசிலி, அன்று முதலில் குளத்தருகே போய்க் குனிந்தாள்; பிறகு குடத்தை இடுப்பில் வைத்துப் பொழிப் பக்கம் நடந்தாள். குடத்தோடு போகும் பெண்ணை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. குடத்தின் வாய் அவள் விரித்த கையளவு.

ஆமை எவ்வளவு பெரிது என்று நான் இதுவரை சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? அதை நீங்கள் சொல்லுங்கள். பெரிது என்பவர்களுக்கு நாளை கிளீட்டஸ் வீட்டில் இலை போட்டிருக்கும்.