எதித் மேடத்தின் ரப்பர் ஸ்டாம்ப்

"ஸ்டாம்ப் இல்லை," என்றார் எதித் மேடம்.

மூன்றாவது டிராயரையும் உருவித் தரையில் கவிழ்த்துவிட்டார். கிளிப்புகள், பழைய ரசீதுகள், பாதி தின்ற சாக்லேட். ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மணி ஒன்று ஐந்து.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வெண்டல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கனடாவில் தண்ணீர் பம்புகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. அவர் முன்னால் பம்ப் உதிரிபாகங்களுக்கான ஐந்து வருட ஒப்பந்தம், இரண்டு பிரதிகள். அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. முதலாளி எதித் மேடம் இன்று போடவில்லையென்றால், திங்கட்கிழமை அந்த ஆர்டர் செக் நாட்டுக்குப் போய்விடும். மாதக் கடைசியில் இந்தத் தொழிற்சாலைக்குப் பூட்டு. அறுபத்து நான்கு பேருக்கு வேலை போகும். அதில் ஒருவன் என் அண்ணன் கெல்லேர்ட்.

"கையெழுத்து போதுமே. சட்டப்படி ஸ்டாம்ப் வேணும்னு இருக்கா?" வெண்டல் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

நான் ஹங்கேரியனில் சொன்னேன்.

"சட்டம் கிடக்கட்டும்," என்றார் எதித் மேடம். "ஸ்டாம்ப் இல்லாத பேப்பரை இந்த ஊர்ல போஸ்ட்மேன்கூட மதிக்க மாட்டான். எங்கப்பா காலத்துலேர்ந்து ஸ்டாம்ப் குத்தாம இங்கேர்ந்து ஒரு சீட்டு வெளியே போனதில்ல."



புடாபெஸ்ட்டில் என் பிழைப்பே இதுதான். ஹங்கேரிக்கு வியாபாரம் பேச வருகிறவர்களைத் தயார் செய்து, கூடவே வந்து, மொழிபெயர்ப்பது. வெண்டலுக்கு இருபத்திரண்டு குறிப்புகள் எழுதி அனுப்பியிருந்தேன். குடும்பப் பெயர்தான் முதலில் வரும். பூங்கொத்தில் ஒற்றைப்படைப் பூக்கள். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. காலை பத்து மணிக்கே பழச்சாராயம் நீட்டினாலும் முகம் சுளிக்காதீர்கள். பீர் கோப்பைகளை மோதாதீர்கள். மனிதர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பதினொரு பூக்களோடு வந்து இறங்கினார். எதில் கோட்டை விட்டேன்?

"பிரோஷ்காகிட்டதான் இருக்கும்," என்றார் எதித் மேடம், என் முகத்தைப் பார்க்காமல். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டானா அவ கிளம்பிடுவா."

பிரோஷ்கா அவருடைய செகரட்டரி. போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இந்த பேகேஷ்சபா ஊரில் யார் போனை எடுக்கிறார்கள்?

ஆறரைக்கு வெண்டலுக்கு புடாபெஸ்ட்டில் விமானம். எவ்வளவு விரட்டினாலும் இரண்டேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும்.

ஓடினேன்.

மாடி ஜன்னலுக்குக் கீழே மொத்த ஷிஃப்டும் சிகரெட் பிடிக்கிற சாக்கில் நின்றிருந்தது. கெல்லேர்ட் என் பின்னாலேயே ஓடி வந்து தன் பழைய காரைக் கிளப்பினான்.

"என்னடி ஆச்சு?"

"ஸ்டாம்பைக் காணோம்."

"அம்பது வருஷமா காணாம போகாத ஸ்டாம்ப் இன்னிக்குப் போச்சாக்கும்! உன் ராசி அப்படி."

"வாயை மூடிட்டு ஓட்டுண்ணே!"

பிரோஷ்காவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சலூன், என்றார். எந்த சலூன் என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடை சாத்தியிருந்தது. மூன்றாவதில், தலை நிறையச் சாயத்தைப் பூசிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். ஒன்று நாற்பத்திரண்டு.

"பிரோஷ்கா அக்கா! ஸ்டாம்ப் எங்கே?"

"எந்த ஸ்டாம்ப்?"

"கம்பெனி ஸ்டாம்ப்!"

"ஏம்மா கத்துறே? சாயம் காதுல ஒழுகுது பாரு." அவள் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு மணிக்கு மேடமே கேட்டு வாங்கிக்கிட்டாங்களே. கோட்டுப் பையில போட்டுக்கிட்டத நான்தான் பார்த்தேன்."

கெல்லேர்ட் தொப்பியைக் கழற்றினான். இருபது வருடம் வேலை பார்த்த இடத்தின் கதவை யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டதுபோல இருந்தது அவன் முகம்.

"அந்தம்மாவே மூடப் பார்க்குதா?" என்றான். காரை நோக்கி நடந்தான்.

எதித் மேடம் லோடு இறக்கும் மேடையில் தனியாகப் புகைத்துக்கொண்டிருந்தார். மணி இரண்டாகப் பத்து நிமிடம்.

"உங்க கோட்டுப் பையில இருக்கு," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கையைப் பைக்குள் விட்டு, எதையோ பொத்திக்கொண்டார்.

"காலையிலேர்ந்து அந்தாளு எத்தனை தடவை வாட்ச் பார்த்தான் தெரியுமா? இருபத்தேழு. எண்ணினேன். மீன் சூப்புல ரெண்டே ஸ்பூன்தான் குடிச்சான். என் புருஷன் படத்தைக் காட்டினேன், தலையாட்டினான். பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்களான்னு கேட்டேன், 'எல்லாரும் சௌக்கியம்'னான். கதவைச் சாத்தின மாதிரி. முன்னாடி ஆர்டர் குடுக்க வந்த ஒருத்தன் இப்படித்தான் வாட்சைப் பார்த்துக்கிட்டே கையெழுத்துப் போட்டான். எட்டு மாசத்துல போனைக்கூட எடுக்கல. அதனாலதான் இன்னிக்கு இந்த நிலைமை."

"அப்ப முடியாதுன்னு நேரா சொல்லியிருக்கலாமே!"

"யார்கிட்ட?" சிகரெட் நுனியால் ஜன்னலோரக் கூட்டத்தைக் காட்டினார். "இவங்ககிட்டயா? உன் அண்ணன்கிட்டயா? ஸ்டாம்ப் தொலைஞ்சு போச்சுன்னா யாரும் என்னைத் திட்ட மாட்டாங்க நொயேமி. முகம் தெரியாத ஒருத்தன்கூட இன்னொரு அஞ்சு வருஷம் என்னால முடியாது. மூடணும்னா நானே மூடுறேன்."

படியேறினேன். அவரைக் கெஞ்சிப் பயனில்லை. வெண்டலைத்தான் உலுக்க வேண்டும்.

அறைக்குள் அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விமானம் ஓடிப் போயிடாது சார்! கொஞ்ச நேரம் அந்த வாட்சைக் கழற்றி வைங்க. அதாலதான் எல்லாம் கெடுது!"

"விமானமா?" அவர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. "அப்பா நேத்து மாடிப்படியில விழுந்துட்டார். தலையில அடி. நான் இங்கே வந்து இறங்கினப்புறம்தான் தெரியும். எங்க ஊர் ஏழரை மணிக்கு ஆபரேஷன். அதாவது இங்கே ஒண்ணரை. உள்ளே கொண்டு போயிருப்பாங்க."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். என் குறிப்புகள். ஒன்பதாவதன் கீழே பென்சிலில் கோடு.

'வீட்டுக் கஷ்டங்களைப் பேச்சில் கொண்டு வர வேண்டாம்.'

நான் எழுதியதுதான். போன வருடம் ஒரு டச்சுக்காரர் தன் விவாகரத்துக் கதையை ஒரு மணி நேரம் சொல்லி மானத்தை வாங்கினார். அந்த எரிச்சலில் சேர்த்த வரி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் எழுதிய வரி! இங்கே இரண்டு பேர் உட்கார்ந்தால் முதலில் மூட்டுவலியையும் மாமியாரையும் பேசித் தீர்த்த பிறகுதானே விலையையே பேசுவார்கள்? புலம்பாத மனிதனை யார் நம்பினார்கள்?

மேடைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன்.

எதித் மேடம் சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கினார். என்னைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனார். வெண்டலின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜைமேல் இருந்த போனை அவர் முன்னால் நகர்த்தினார்.

"ஆஸ்பத்திரிக்குப் பேசச் சொல்லு. ஒப்பந்தம் அப்புறம். நீ மொழிபெயர்த்துக்கிட்டு நிக்காதே, போய் அந்த சாராய பாட்டிலை எடுத்துட்டு வா."

வெண்டல் பேசினார். எதிர்முனையில் அவருடைய தங்கை அழுவது எனக்கே கேட்டது. அப்பா இன்னும் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேதான் இருக்கிறாராம். ஒன்றும் சொல்ல முடியாதாம். வெண்டல் போனை வைத்துவிட்டு உள்ளங்கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எதித் மேடம் அவர் முதுகில் கை வைத்தார். தன் கணவரை இதயநோய் வார்டுக்குக் கொண்டுபோன அன்று தாழ்வாரத்தில் ஏழு மணி நேரம் நின்றதைச் சொன்னார். ஹங்கேரியனில்தான். நான் மொழிபெயர்க்கவில்லை. வெண்டல் அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதையும் மொழிபெயர்க்கவில்லை. இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு இருபத்தெட்டு.

"டாக்ஸியெல்லாம் இனிமே நேரத்துக்குப் போகாது. நான் ஓட்டுறேன்," என்று எழுந்தார் எதித் மேடம்.

"மேடம், ஒப்பந்தம்..."

"கொண்டா."

கீழே தன் காரின் பானெட்மேல் காகிதங்களை விரித்தார். கையெழுத்துப் போட்டார். பையிலிருந்து அந்தச் சனியன் பிடித்த ஸ்டாம்பை எடுத்து, ரப்பரில் ஹா என்று ஊதி, குத்தினார். பக்கத்துக்கு ஒன்று. ஜன்னலோரக் கூட்டத்திலிருந்து சத்தமே இல்லை. கடைசிக் குத்துக்குத்தான் யாரோ விசிலடித்தார்கள்.

வெண்டல் தன் பிரதியைப் படிக்காமலே மடித்து வைத்துக்கொண்டார். அவர் கண் கையிலிருந்த செல்போனில் இருந்தது. அது இன்னும் அடிக்கவில்லை. கார் கேட்டைத் தாண்டிப் பறந்தது. விமானம் கிடைக்குமா, கிடைத்தாலும் அப்பாவை உயிரோடு பார்ப்பாரா, யாருக்குத் தெரியும்?

மீதிப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மை இன்னும் காயவில்லை.

"ஏய், உன் குறிப்பு லிஸ்ட்டுல எனக்கு ஒரு காப்பி குடு," என்றான் கெல்லேர்ட்.

"எதுக்கு?"

"அடுப்புப் பத்த வைக்க."