ஒன்பதரையிலிருந்து ஐந்தரை வரை

சார்லஸ் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவி லோகநாயகியோடு கடலூரில் ஒரே கல்லூரியில் படித்தவன். இப்போது அதே ஊரில் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவளை "லோகா" என்று கூப்பிடுகிறான். தாலி கட்டிய நான் ஆறு வருடமாக "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறேன். என்னையாவது "மச்சான்" என்று கூப்பிட்டிருந்தால், சரி, இவளைக் கூடப்பிறந்தவளாக நினைக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவனோ என்னை "சார்" என்பான். என் பெயர் தட்சிணாமூர்த்தி. அதைச் சொல்லியாவது கூப்பிட்டுத் தொலைத்திருக்கலாம்.

அண்ணாமலை நகரில் கீழ் வீடு எங்களுடையது. லோகநாயகி புள்ளியியலில் பிஎச்.டி. செய்கிறாள். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தீசிஸ் டைப் அடிப்பாள். அதற்காகத்தான் பிராட்பேண்ட் போட்டோம். மாடி வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் பிரிசில்லாவுக்கும் எங்கள் மோடத்திலிருந்தே ஜன்னல் வழியாக ஒரு ஒயர் போகிறது. ஒரே இணைப்பில் இரண்டு வீடு.

கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், அவள் அடுப்படியில் இருந்தபோது கம்ப்யூட்டரில் ஃபேஸ்புக் திறந்து கிடந்தது. பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன். அவள் படத்துக்குக் கீழே சார்லஸ், "அப்படியே இருக்கே லோகா, கொஞ்சங்கூட மாறல" என்று எழுதியிருந்தான். எழுதிய நேரம் காலை பதினொன்றேகால். அதற்கு இவள் சிரித்து வைத்தது பதினொன்று இருபது. அந்த நேரத்தில் நான் ஆபீசில் பழைய ஃபைல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தேன்.

மாறவில்லையாம். இவன் என்ன அளவெடுத்து வைத்திருந்தானா?

நேரடியாகக் கேட்டிருக்கலாம். "சந்தேகப்படுறீங்களா?" என்று அவள் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் தலை நிமிர முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு வேறு வேலை செய்தேன். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் கலியமூர்த்தி, வேலை நேரத்தில் யாரும் ஃபேஸ்புக் பார்க்காதபடி அடைத்து வைத்திருக்கிறார். எப்படி என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டேன். மோடத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதைத் திறந்து, வேண்டாத தளத்தின் பெயரை எழுதி, எந்தக் கிழமை, எந்த நேரம் என்றும் போட்டுவிடலாம்.

முழு நாளும் அடைத்தால் மாட்டிக்கொள்வேன் அல்லவா? திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை என்று போட்டேன். நான் ஆபீசில் இருக்கும்வரை திறக்காது. வீட்டுக்கு வந்துவிட்டால் திறக்கும். என்ன மூளைடா உனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"மாமா, பகல்ல ஃபேஸ்புக் வரவே மாட்டேங்குது. மத்ததெல்லாம் வருது" என்றாள் லோகநாயகி, இரண்டாம் நாளே.

"எங்க, இப்ப திற பாப்போம்."

திறந்தாள். வந்தது.

"வருதே! பகல்ல லைன்ல கூட்டம் ஜாஸ்தி. அதான்" என்றேன். புள்ளியியல் படித்தவள், அதை அப்படியே நம்பினாள். ஒரு மாதம் இப்படியே ஓடியது. சார்லஸ் எழுதுவதற்கு இவள் பதில் போடவே ஏழு மணி ஆனது. அப்போது நான் பேப்பர் படிக்கிற சாக்கில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நடுவில் மொகரம் வந்தது. காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்து முந்தின நாளே அடைப்பை எடுத்து, மறுநாள் திரும்பப் போட்டேன். அவ்வளவு கவனம்.

ஆருத்ரா தரிசனத்தில்தான் கோட்டை விட்டேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழா என்பதால் அது உள்ளூர் விடுமுறை. ஹாலில் தொங்கும் காலண்டரில் சிவப்பு கிடையாது. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் களியும் கூட்டும் ஒரு பிடி பிடித்துவிட்டுச் சாய்ந்திருந்தேன்.

"மாமா! இங்க வாங்க. இப்ப பாருங்க!"

என் கண்ணெதிரே ஃபேஸ்புக் திறக்காமல் நின்றது. சத்தம் கேட்டு மாடியிலிருந்து பிரிசில்லாவும் இறங்கி வந்தாள்.

"எனக்கும் அப்படித்தான்க்கா. நான் நைட் டூட்டி பாத்துட்டு வந்து பகல்லதான் பாக்குறது. சனி, ஞாயிறு மட்டும் வருது."

ஐந்து நிமிடம் கம்ப்யூட்டர் என் கைக்கு வந்தால் போதும், அடைப்பை எடுத்துவிடுவேன். "தரிசனத்துக்குக் கிளம்பு, நேரமாயிடப் போவுது" என்று அவளை விரட்டிப் பார்த்தேன்.

"விடியக்காலையே அபிஷேகம் பாத்துட்டு வந்துட்டேனே. நீங்க போயிட்டு வாங்க" என்றவள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே போனை எடுத்தாள். "சார்லஸ வரச் சொல்றேன்."

ஊரெல்லாம் கூட்டம். பஸ்ஸையே ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவன் கடலூரிலிருந்து பைக்கில் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து நின்றான். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் ஆள் வர நாலு நாள் ஆகும். கம்ப்யூட்டருக்குள் வராதே என்று அவனை அடைத்தேன். அவன் நேரே என் வீட்டுக் கூடத்துக்கே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பெண்டாட்டி கையால் களி வாங்கிச் சாப்பிட்டான். "ரெண்டாவது தரம் போடு லோகா" என்று வேறு கேட்டான். எனக்குக் காது எரிந்தது.

"மத்த சைட்டெல்லாம் வருது. அதனால லைன்ல தப்பில்ல" என்றான், வாயைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு கம்ப்யூட்டர்லயும் வரல. அதனால கம்ப்யூட்டர்லயும் தப்பில்ல. அப்ப மோடம்தான்."

எண்களைத் தட்டி மோடத்தின் பக்கத்தைத் திறந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். லோகநாயகி காபி கலக்க உள்ளே போயிருந்தாள். பிரிசில்லா தூங்கப் போய்விட்டாள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. தளத்தின் பெயர், ஐந்து கிழமைகள், ஒன்பதரை, ஐந்தரை.

சார்லஸ் அதைப் படித்தான். பிறகு திரும்பி, சுவரில் மாட்டியிருந்த என் ஆபீஸ் பையைப் பார்த்தான். அப்புறம் என்னை.

"சார், உங்க ஆபீஸ் எத்தினி மணிக்கு விடுவாங்க?"

"அஞ்சேகால்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த வரியை அழித்தான், பக்கத்தை மூடினான். லோகநாயகி காபியோடு வந்தாள்.

"என்னா சார்லஸ், கண்டுபிடிச்சியா?"

"மோடம் பழசாயிடுச்சு லோகா. சூடானா இப்படித்தான் ஏதாவது பண்ணும். சரி பண்ணிட்டேன், இனிமே வரும்" என்று கீபோர்டைப் பார்த்துச் சொன்னான். காபியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

பைக் சத்தம் தெருமுனையில் தேயும்வரை நான் வாசலில் நின்றேன். தப்பித்துவிட்டேன். ஆனால் யாரால் தப்பித்தேன் என்பதை நினைக்க நினைக்க நெஞ்சு வெந்தது. அவனிடமா நான் பிச்சை வாங்க வேண்டும்? உள்ளே வந்தபோது லோகநாயகி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி நாளா மாமா?"

"எது?"

"அவன் பொய் சொன்னா கீழ பாத்துகிட்டுதான் சொல்லுவான். காலேஜ்ல வாத்தியாருங்ககிட்ட எத்தினியோ சொல்லியிருக்கான். எங்கிட்ட சொன்னதே இல்ல. இன்னிக்குதான் மொதல் தடவ சொல்றான். மோடம் சூடாச்சாம். சூடானா ஞாயித்துக்கிழமையும் ஆவணும்ல? யாரக் காப்பாத்தச் சொன்னான்? உங்களத் தவிர இங்க வேற யாரு இருக்கா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வேறு எந்த மனுஷனும் அதைத்தான் செய்திருப்பான். எனக்கு அந்த நேரத்திலும் வேறொன்றுதான் உறைத்தது. அவன் பொய் சொன்னால் எங்கே பார்ப்பான் என்பதுவரை இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அவன் ஒரே ஒரு பொய் சொன்னான், ஒடனே புடிச்சிட்டே" என்றேன். "நான் ஒரு மாசமா சொன்னேன். என் மூஞ்சியப் பாத்து உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று புரிந்தது. அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை.

"உங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல மாமா. நீங்க சொன்னா அது நெசம்னு, நான் பாட்டுக்கு என் வேலையப் பாத்துகிட்டிருந்தேன்" என்றாள். "இனிமே பாக்கணும்."

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க. எத்தினி நாளா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.