தலைக்குள் பாடிப் போனவள்

பெனிலாவின் மூளையில் கொக்குகள் வந்து இறங்கியிருந்தன. ஸ்கேன் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான் வரும், எப்போதாவது பிள்ளைகளுக்கும் வரும். நரம்பின் மேலுறையைக் கொக்குகள் கொத்தித் தின்றுவிடும். உறை போன இடத்தில் சேதி ஓடாது. இடது காலுக்குப் போகும் நரம்பில் ஒரு பெரிய கொக்கு நின்றது. பள்ளிக் கபடி அணியில் முதலில் பாடிப் போகிற பெனிலா, இப்போது அம்மா ஜெபமணியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

டாக்டர் ஷாமிலா பிள்ளைகளின் கொக்குகளை ஆராய்பவர். சில மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்து, எது புதிதாக வந்தது, எது போய்விட்டது என்று பார்ப்பார்.

"பிள்ளைங்க தலைக்குக் கூட்டமா வரும். ஆனா பெரியவங்க தலையில தங்குத மாதிரி ரொம்ப நாள் தங்காது," என்று அவர் ஜெபமணியிடம் சொன்னார். "மருந்து ஏத்துனதுல சின்னதெல்லாம் பறந்துட்டு. இது ஒண்ணுதான் போகல."

"அதுக்கு என்ன வேணுமாம்?"

"எதையும் சொல்லாம ஒத்தக் கால்ல நிக்கி."

பெனிலா மறுபடியும் ஸ்கேனுக்குப் படுத்தாள். தலையை அசைக்கக் கூடாது. இயந்திரம் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்வாள். இன்று அது மைதானத்தில் கூட்டம் கைதட்டுவதாகக் கேட்டது. கை தட்டிவிட்டார்கள், பாடிப் போகாமல் இருக்க முடியாது. மூச்சைப் பிடித்தாள். தலை அசையாமல், கோட்டைத் தாண்டித் தன் தலைக்குள் போனாள்.

வெளியே கணினித் திரையில், சாம்பல் படத்துக்கு நடுவே, சிவப்பு பனியன் போட்ட பெண் ஒருத்தி குனிந்து போய்க்கொண்டிருந்தாள்.

"அசைஞ்சிட்டாளோ?" என்றாள் ஜெபமணி.

"இல்ல. நல்லாத்தான் படுத்திருக்கா."

உள்ளேயும் இடது கால் வரவில்லை. பெனிலா நொண்டிக்கொண்டே போனாள். கொக்கும் ஒற்றைக் காலில்தான் நின்றது என்பதால் ஆட்டம் சரிசமமாக இருந்தது. அவள் கை நீட்டியபோது கொக்கு அலகால் அவள் கணுக்காலைப் பிடித்தது. விழுந்தாள். மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. கபடி, கபடி என்று முனகியபடி, கொக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தாள். நடுவிரல் கோட்டைத் தொட்டது.

"அவுட்," என்றார் டாக்டர். கல்லூரியில் அவரும் ஆடியவர்.

கொக்கு தகராறு செய்யவில்லை. இயந்திரத்தின் வாய் வழியாக வெளியே வந்து, நோயாளிகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

எதிரணியில் ஒருவர் அவுட்டானால், நம் அணியில் வெளியே இருப்பவர் ஒருவர் உள்ளே வரலாம். பெனிலாவின் இடது கால் உள்ளே வந்தது. முதலில் பெருவிரல் அசைந்தது, அப்புறம் முட்டி மடங்கியது. அவள் ஸ்கேன் படுக்கையை விட்டு இறங்கினாள்.

"ஏட்டி, நடக்கியா?" என்றாள் ஜெபமணி.

"ஓடுதேம்மா."

ஓடினாள். வராந்தாவின் கடைசி வரை போய், மாடிப்படி இறங்கி, மறுபடியும் ஏறி வந்தாள். ஸ்கேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் சக்கர நாற்காலிகளில் இருந்தபடியே மூச்சைப் பிடித்துப் பழக ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லாமலே அவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்துகொண்டார்கள். டாக்டர் தன் மேசையிலிருந்து விசிலை எடுத்துவரப் போனார்.

ஊருக்குத் திரும்பும் சாத்தான்குளம் பேருந்தில் இடம் இருந்தது. இடது கால், தான் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்றது. கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்து, காற்று வரட்டும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்.