இரண்டு ஊராட்சிகளின் தலைவிகள்

"கூடத்தைத் திறக்க முடியாது. உங்க ஜனம் எங்கயாவது போய் ஒண்டிக்கட்டும்" என்று போனில் கத்திவிட்டு நடபர் அதைக் கட்டிலில் வீசினான்.

தேரகான் ஊராட்சிக்குத் தலைவி அவன் மனைவி குந்தலா. பெண்களுக்கு ஒதுக்கிய இடம். அவள் பெயரில் ஜெயித்து மூன்று வருஷமாக ஆள்பவன் நடபர். போனில் கெஞ்சிய ஹாரமணி பக்கத்து ஜாம்படாவின் தலைவி. அங்கே ஆள்பவன் அவள் புருஷன் உதயநாத்.

புயலென்றால் கடலோர ஜாம்படா மக்கள் தேரகானின் புயல் கூடத்துக்கு வரலாம், வெள்ளமென்றால் ஜாம்படா படகுகள் தேரகானுக்கு வரும் என்று போன வருஷம் இரண்டு ஊராட்சிகளும் எழுதிக்கொண்டன. பிறகு ரத யாத்திரையில் யார் முதலில் வடம் பிடிப்பது என்று இரண்டு புருஷன்மாருக்கும் அடிதடி.

"சாயங்காலம் புயல் கரையைத் தொடுதாம். குழந்தைங்க இருக்குதுங்க" என்றாள் குந்தலா.

"உதயநாத் வந்து என் கால்ல விழட்டும். அதுவுமில்லாம, மீன் பிடிக்கிறவனுங்களோட நம்ம ஜனம் ஒண்ணாப் படுக்குமா? போய் அடுப்பைப் பாரு."

அவன் நெல் மூட்டைகளைப் பார்க்கப் போனதும் அவள் வட்டார அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"ஐயா, தேரகான் தலைவி பேசுறேன்."

"சரிம்மா. வீட்டுக்காரர்கிட்ட குடுங்க."

வைத்துவிட்டாள். பிறகு ஹாரமணியைக் கூப்பிட்டாள்.

"எல்லாரையும் கூட்டிட்டு வா."

"அங்க போனா காலை உடைப்பேன்னு சொல்றாருக்கா."

"இங்கயும் அதான் கதை. நீ வா."

தொழுவத்துக் கடப்பாரையோடு மழையில் நடந்தாள். ஓங்கி அடித்த நான்காவது அடியில் கூடத்துப் பூட்டு தெறித்தது. மதியத்துக்குள் நானூறு பேர் வந்தார்கள். யாருடைய கைக்குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியாக ஏறி வந்த ஹாரமணி, குந்தலாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

சாயங்காலம் ஜாம்படாவில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. உயிர் ஒன்றும் போகவில்லை. தன் வீட்டு ஓடுகள் பறந்ததும் நடபரும் கூடத்துக்கு ஓடி வந்தான். பசி தாங்காமல் ஒரு மீன்காரி நீட்டிய அவலை வாங்கித் தின்றான்.

நான்காம் நாள் அதிகாரி வந்தார். "பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் எப்படி ஒத்துழைக்கணும்னு இவங்க நாட்டுக்கே காட்டிட்டாங்க" என்று நடபருக்கும் உதயநாத்துக்கும் மாலை போட்டார். கைதட்டல் கேட்டபோது இரண்டு தலைவிகளும் கூடத்தின் பின்னால் கிச்சடி கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

மாலையோடு வீட்டுக்கு வந்த நடபர் சொன்னான்:

"இனிமே நீயும் அவளும் பேசிக்கக் கூடாது. நானும் உதயநாத்தும் உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டோம்."

இரண்டு ஊராட்சிகளும் சண்டையில்லாமல் சேர்ந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான்.