டாக்டரம்மா இல்லாத நாள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கூனிமேட்டில், ஒரு நிக்காஹ் விருந்தில். பக்கத்தில் என் பள்ளித் தோழி பிரியதர்ஷினி; மரக்காணம் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர். பிரியாணியில் கை வைத்ததும் அவள் போன் அடித்தது.

(போனுக்கு முன் அய்யனார் வரவேண்டும். முதல் வரைவில் அவரை விட்டுவிட்டேன். கதை நிற்கவே இல்லை.)

2

அய்யனார் உப்பளத் தொழிலாளி. போன கோடையில் நெஞ்செரிச்சல் என்று வந்தவருக்கு, அன்று டியூட்டியில் இருந்த வேறொரு டாக்டர் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் வீட்டிலேயே உயிர் போய்விட்டது. அதற்குச் சில நாள் முன்புதான், அதே எரிச்சலோடு வந்த இன்னொருவரை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துப் பிழைக்கவைத்திருந்தாள் பிரியதர்ஷினி.

"யாரு டியூட்டிங்கிறதப் பொறுத்தா ஒரு உசுரு?" என்று எல்லோரையும் கூட்டிவைத்துக் கேட்டாள்.

அதன்பின் ஆஸ்பத்திரிக்கு ஒரு விதி வந்தது. நெஞ்சு, தாடை, தோள் எது வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், குப்பென்று வேர்த்தாலும், யார் டியூட்டியில் இருந்தாலும், முதலில் இ.சி.ஜி.

"உப்பளத்துல வேலை செய்றவங்களுக்கு வேர்க்காம இருக்குமா, மேடம்?" என்றாள் நர்ஸ் மேரிசெல்வி.

"வேர்க்கட்டும். எடுத்துட்டு அப்புறம் பேசலாம்."

மாதக்கணக்கில் ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் பழக்கினாள். யாராவது தவறவிட்டால் திட்டவில்லை. ஏன் விட்டுப்போனது என்று உட்காரவைத்துக் கேட்டாள்.

3

இனி போன். நான் எழுதியது இப்படி: பிரியதர்ஷினி கைகூடக் கழுவாமல் காரை நோக்கி ஓடினாள், கடற்கரைச் சாலையில் வண்டி சீறிக்கொண்டு

[அடித்துவிட்டேன். நாயகி ஓடினால் கதைக்கு நன்றாகத்தான் இருக்கும். அவள் ஓடவில்லை.]

பேசியது மேரிசெல்வி. "மேடம், பாப்பாத்தின்னு ஒரு அம்மா. உப்பு வாரிட்டு இருக்கும்போது தாடை வலிக்குதுன்னு வந்தாங்க. இ.சி.ஜி.ல பாத்தா அட்டாக்கு. சரத்குமார் டாக்டர் அந்த இ.சி.ஜி.யைப் போன்ல பாண்டிச்சேரிக்கு அனுப்பி, ஹார்ட் டாக்டர்கிட்ட கேட்டு, ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டுட்டாரு. வலி குறைஞ்சிடுச்சு. அவங்களை ஏத்திக்கிட்டு ஆம்புலன்ஸும் கிளம்பிடுச்சு."

"சரத்குமார் இப்பதானே வேலைக்கே சேந்தாரு?"

"அதுக்கென்னா மேடம்? நீங்க சாப்பிடுங்க."

தன்னைத் தேடவில்லையே என்று பிரியதர்ஷினிக்கு ஒரு கணம் சுருக்கென்றதாம். மறுகணம் என் தோளில் ஓங்கி ஓர் அடி. "நான் இல்லாமலே நடந்துடுச்சுடி!" பந்தியே திரும்பிப் பார்த்தது.

4

குணமாகி ஆஸ்பத்திரிக்கு வந்த பாப்பாத்தி மேரிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள், சரத்குமாரைக் கும்பிட்டாள். பிறகு பிரியதர்ஷினியைப் பார்த்து, "நீங்க புதுசா வந்திருக்கீங்களாம்மா?" என்றாள்.

பிரியதர்ஷினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன பதில் சொன்னாள்? நான் எழுதிப் பார்த்த எதுவும் அந்தச் சிரிப்புக்கு ஈடாகவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: பாப்பாத்தியைச் சாகடிக்கக் கூடாது. ஓர் ஆஸ்பத்திரியே சேர்ந்து காப்பாற்றிய உயிர் அது.